விரலா, துப்பாக்கியா? டிரிகர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருந்தால்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுல கண், சைட் ரெண்டையும் பத்திப் பேசினோம். இன்னைக்கு விரலுக்கு வருவோம். 25 மீட்டர் பிஸ்டல் பழகுறவங்க என்கிட்ட அதிகமாகக் கேட்கிற கேள்வி இதுதான்: "அண்ணா, டிரிகர் ஒரு ஷாட்டுக்கு லேசா இருக்கு, அடுத்த ஷாட்டுக்கு கல்லு மாதிரி இருக்கு. என் விரல் சரியில்லையா, துப்பாக்கி சரியில்லையா?"

நான் கோச் கிடையாது. ரேஞ்சில் துப்பாக்கிகளைச் சரிபார்க்கிறது, டிரிகர் எடை பார்க்கிறது, பழுது இருந்தா ஆர்மரர்கிட்ட அனுப்புறது, இதுதான் என் வேலை. அதனால இந்தக் கேள்விக்கு என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: முதல்ல அளந்து பார்ப்போம்.

ஏன் இது பெரிய விஷயம்?

25 மீட்டர்ல சுடுறது .22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். சர்வதேச விதிப்படி அதோட டிரிகர் எடை குறைஞ்சது 1000 கிராம் இருக்கணும். ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். எப்படி சோதிப்பாங்கன்னா, பேரலைச் செங்குத்தா வச்சு, டிரிகர் நடுவுல எடையை மாட்டித் தரையிலிருந்து தூக்குவாங்க. டிரிகர் விடாம எடை மேல வந்தா பாஸ். போட்டி முடிஞ்ச பிறகுகூட திடீர்னு சோதிப்பாங்க. அப்போ தவறினா தகுதி நீக்கம். அன்னைக்கு எவ்வளவு நல்லா சுட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

எடை கூடக் குறைய இருக்கிறதை மூளை பழகிக்கும். 1000 கிராமா இருந்தாலும் 1200 கிராமா இருந்தாலும் கொஞ்ச நாள்ல விரல் கத்துக்கும். ஆனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் எடை மாறினா எதைக் கத்துக்கிறது? விடும்னு எதிர்பார்த்த இடத்துல விடலைன்னா கை இறுகும், மணிக்கட்டு கீழே இழுக்கும். பிரிசிஷன் டார்கெட்ல 10 புள்ளி வட்டத்தோட விட்டமே 50 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன இழுப்பு போதும், ஷாட் 8-க்குப் போயிடும்.

தொடங்கும் முன் ரெண்டு விஷயம்

ஒண்ணு, பாதுகாப்பு. மேகசினைக் கழட்டு, சேம்பரைக் கண்ணால பாரு, சேஃப்டி ஃபிளாக் போடு, தோட்டா இருக்கிற பெட்டியை வேற மேசைக்கு அனுப்பு. டெஸ்ட் பண்றப்போ ஃபிளாக்கை எடுக்க வேண்டி வரும். அப்பவும் பேரல் டார்கெட் பக்கம்தான் இருக்கணும்.

ரெண்டு, சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தோட 5-வது பிரிவுப்படி துப்பாக்கி பழுதுபார்க்கிறதுக்கே தனி லைசென்ஸ் வேணும். யூடியூப் வீடியோ பார்த்துட்டு வீட்டு மேசையில டிரிகரைப் பிரிச்சுப் போடுற விளையாட்டு வேண்டாம். நாம பண்ணப் போறது கண்டுபிடிக்கிற வேலை மட்டும்தான். கை வைக்கிறது ஆர்மரரோட வேலை.

பத்து தடவை இழு, பத்து எண்ணை எழுது

டிரிகர் கேஜ் எடுத்து, டிரிகரோட ஒரே இடத்துல கொக்கியை மாட்டி, ஒரே வேகத்துல மெதுவா 10 தடவை இழுக்கணும். வர்ற எண்ணை ஒரு நோட்டுல எழுதணும். ஒரே இடம்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, டிரிகர் ஒரு நெம்புகோல். மேலே பின் இருக்கு. கீழ் நுனிக்குப் போகப் போக லேசாத் தெரியும், மேலே போகப் போக கனமாத் தெரியும்.

பாதி பிரச்சினை இங்கேயே தீர்ந்துடும். ஒரு பையன் வாரா வாரம் "துப்பாக்கியை சர்வீசுக்கு அனுப்பணும்"னு வந்து நிப்பான். கேஜ்ல பார்த்தா 10 இழுப்புக்கும் நடுவுல 20 கிராம் வித்தியாசம்கூட இல்லை. அப்புறம் அவன் சுடுறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விரல் வேற வேற உயரத்துல உட்காருது. அவ்வளவுதான் விஷயம். டிரிகர் ஷூவுல ஒரு சின்ன டேப் ஒட்டி, விரல் அங்கேதான் உட்காரணும்னு கோச் பழக்கிவிட்டார். புகார் நின்னுபோச்சு.

எண்கள் நிஜமாவே குதிச்சா, அப்போ துப்பாக்கியைப் பார்க்கணும். சுலபமானதிலிருந்து கஷ்டமானதுக்குப் போங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. நாலை ஒண்ணா மாத்தினா எது காரணம்னு தெரியாமலே போயிடும்.

மேகசின்: காலி மேகசின் போட்டு 10 தடவை, போடாம 10 தடவை அளந்து பாருங்க. சில மாடல்கள்ல டிரிகர் பார் மேகசினை ஒட்டியே நகரும். தகடு கொஞ்சம் உப்பியிருந்தா உரசும். ஒரு மேகசின்ல மட்டும் கனமா இருந்தா குற்றவாளி அந்த மேகசின்தான்.

மரக் கிரிப்: இதை நிறையப் பேர் சந்தேகப்படவே மாட்டாங்க. கிரிப்போட உள்விளிம்பு டிரிகர் பாரைத் தொடலாம், இல்லைன்னா விரலோட பக்கவாட்டு மரத்துல உரசலாம். சென்னை மாதிரி ஈரக்காத்து அடிக்கிற ஊர்ல மரம் உப்பும். கிரிப் திருகைக் கொஞ்சம் தளர்த்தி அளந்து பாருங்க. எண்கள் அமைதியானா பதில் கிடைச்சாச்சு.

அழுக்கு: .22 தோட்டாவுல ஈயத்து மேல மெழுகு இருக்கும். கூடவே எரியாத வெடிமருந்துத் துகள், ஈயப்பொடி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா டிரிகர் பகுதிக்குள்ள இறங்கும். அதுக்கு மேல தாராளமா எண்ணெய் ஊத்தினா ரெண்டும் சேர்ந்து பசையாயிடும். சுத்தம் பண்ணின அன்னைக்கு நல்லா இருந்து, நூறு இருநூறு ஷாட்டுக்கப்புறம் பழையபடி ஆனா இதைத்தான் சந்தேகப்படணும்.

திருகுகள்: மேட்ச் பிஸ்டல்ல முதல் கட்ட எடை, ரெண்டாவது கட்ட எடை, டிரிகர் விட்ட பிறகு எவ்வளவு தூரம் போகணும், எல்லாத்துக்கும் தனித்தனி திருகு உண்டு. அதிர்வுல இவை மெல்லத் திரும்பும். ஆர்மரர் சரியா செட் பண்ணின அன்னைக்கே திருகுத் தலையிலும் பக்கத்திலும் சேர்த்து நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டு வைங்க. கோடு விலகினா திருகு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். டிரிகர் நிக்குற ஸ்டாப் திருகை ரொம்ப நெருக்கமா வச்சாலும் ஆபத்துதான். ஹாமர் முழுசா விடுபடறதுக்குள்ள டிரிகர் போய் முட்டிக்கும். ஒரு தடவை விடும், ஒரு தடவை விடாது.

சியர்: ஹாமரைப் பிடிச்சு வச்சிருக்கிற கொக்கி. அதோட விளிம்பு தேஞ்சா, சில்லு உடைஞ்சா, ஸ்பிரிங் தளர்ந்தா எடை மாறும். இங்கே "லேசா ஒரு பாலிஷ் போட்டுக்கிறேன்"னு யாராவது சொன்னா தடுத்துடுங்க. பல பாகங்கள்ல கடினமா இருக்கிறது மேல் தோல் மட்டும்தான். அது போச்சுன்னா தேய்மானம் இன்னும் வேகமாகும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை அழுத்தி ரெண்டு தோட்டா வெடிச்சாலோ, போல்ட் மூடுறப்போ ஹாமர் தானா விழுந்தாலோ, மேல எந்த டெஸ்ட்டும் வேண்டாம். டார்கெட் பக்கம் பிடிச்சபடியே அன்லோட் பண்ணிட்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்க. ஆர்மரர் பார்த்து ஓகே சொல்ற வரைக்கும் அந்தத் துப்பாக்கியில தோட்டா ஏறக் கூடாது.

பழி யார் மேல?

ஒரு கல்லூரி மாணவி. நாலு மாசமா ஸ்கோர் கீழே. "டிரிகரை வெடுக்குன்னு இழுக்கிறே, பயப்படுறே, மனசுல உறுதி இல்லை"ன்னு சுத்தி இருந்தவங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி அவளும் நம்பிட்டா. படிப்பைப் பார்க்கப் போறேன்னு விலகுற முடிவுல இருந்தா. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்துடுவோம்னு உட்கார வச்சேன். 1020, 1180, 1060, 1340. மழைக்காலத்துல உப்பின கிரிப் மரம் டிரிகர் பாரைத் தொட்டுட்டு இருந்துச்சு. ஆர்மரர் அந்த இடத்துல அரை மில்லிமீட்டர் சீவினார். அடுத்த 10 எண்ணும் பக்கத்துப் பக்கத்துல வந்துச்சு.

அவ உடனே பதக்கம் வாங்கலை. ஸ்கோர் திரும்பவே ரெண்டு மாசம் ஆச்சு, ஏன்னா நாலு மாசமா இல்லாத தப்பைத் திருத்தப் போய் நிஜமாவே சில கெட்ட பழக்கம் ஒட்டியிருந்துச்சு. ஆனா தன் கையை மறுபடி நம்ப ஆரம்பிச்சா. அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிச்சுத் தன் கிட் பேக்ல வச்சுக்கிட்டா.

2021 டோக்கியோ ஒலிம்பிக் ஞாபகம் இருக்கா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று நடுவுல மனு பாக்கர் துப்பாக்கியோட லீவர் உடைஞ்சது. பழுது பார்க்கிறதுலயே நிமிஷக்கணக்கா போச்சு. 575 எடுத்து 12-வது இடம், 2 புள்ளியில ஃபைனல் கைவிட்டுப் போச்சு. சோஷியல் மீடியாவுல அவங்களை எப்படி எல்லாம் பேசினாங்கன்னு நமக்குத் தெரியும். அதே மனு பாக்கர் 2024 பாரிஸ்ல 2 வெண்கலம் வாங்கினாங்க. கருவி சொதப்புறது ஒரு விஷயம், ஆள் சரியில்லைங்கிறது வேற விஷயம்.

ஸோ, இந்த வாரம் ஒரே ஒரு ஹோம்வொர்க். ஒரு சின்ன நோட்டு வாங்குங்க. மாசத்துக்கு ஒரு தடவை, உங்க ரேஞ்ச் பொறுப்பாளர் முன்னாடி 10 இழுப்பு அளந்து தேதியோட எழுதுங்க. அடுத்த தடவை யாராவது "உன் விரல்தான் பிரச்சினை"ன்னு சொன்னா, சண்டை போட வேண்டாம், நொந்துக்கவும் வேண்டாம். நோட்டைத் திறந்து காட்டுங்க. ஒருவேளை விரல்தான் காரணம்னு நோட்டே சொன்னா, அதையும் ஏத்துக்கங்க. அதுவும் நல்ல செய்திதான், விரலைச் சரிபண்ண லைசென்ஸ் தேவையில்லை.

அடுத்த எபிசோடுல மூச்சு பத்திப் பேசுவோம்.