கொடி சுற்றிப் பிறந்ததாலா செத்தான் வீரன்?

(சோழவந்தானில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ரோமியோவும் ஜூலியட்டும் ஏன் அழிந்தார்கள் என்று தேர்வில் கேள்வி வரும். விதி, அவசரம், கொள்ளைநோய்த் தடையால் போய்ச் சேராத கடிதம் என்று எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனா ஒன்றைக் கவனிக்கணும். இரண்டு குடும்பமும் சம அந்தஸ்து உள்ளவை. நாடகம் தொடங்கும்போதே ஷேக்ஸ்பியர் அதைச் சொல்லிவிடுகிறார். அதனாலதான் பிள்ளைகளின் பிணத்துக்கு முன்னால் அப்பன்கள் இரண்டு பேரும் கைகுலுக்க முடிந்தது.

நம்ம மதுரைவீரன் கதையில் யார் கையை யார் குலுக்கினார்கள்?

வீரன் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. பொம்மி, பொம்மண நாயக்கன் மகள். சமைஞ்ச பொண்ணு இருந்த குடிசைக்கு, அப்பனுக்குப் பதிலாகக் காவல் போனவன் வீரன். இருவரும் காதலித்து ஊரைவிட்டுப் போகிறார்கள். துரத்தி வந்த படை தோற்கிறது. பிறகு அழகர்மலைப் பக்கம் கொள்ளையை அடக்க மதுரைக்கு வருகிறான். அங்கே அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளோடு உறவு. திருமலை நாயக்கர் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். பெண்கள் இருவரும் அவனோடு மாள்கிறார்கள்.

கொன்ற பிறகும் விடவில்லை. வீரன் காசிராஜா மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போட்டார்களாம். அருந்ததியர் எடுத்து வளர்த்தார்களாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இதைத்தான் சொன்னது. முத்துப்பட்டன் கதையில் வரும் பொம்மக்கா, திம்மக்காவுக்கும் இதேபோல பிராமணப் பிறப்பு ஒட்டவைத்த பாடம் உண்டு.

இதில் என்ன நடக்குது? ராஜா மகன் நாயக்கர் மகளைத் தொட்டால் தீட்டில்லை. மீறல் என்பதே காணாமல் போச்சு. மிஞ்சியது கொடி, ஜாதகம், விதி. கொன்றவனுக்குப் பதிலாகத் தொப்புள்கொடி குற்றவாளி ஆகிவிட்டது. வீரன் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே சாமியா நிக்கிறான். கும்பிடலாம், சம்பந்தம் பண்ண முடியாது.

பழங்கதைதானே என்று நினைக்காதீங்க. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் முருகேசன், கண்ணகி இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அவர் தலித், பொறியியல் பட்டதாரி. அவர் வன்னியர் வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருந்தார். போலீஸ் எழுதிய கதை என்ன தெரியுமா? இரண்டு குடும்பமும் அவரவர் பிள்ளையைக் கொன்றதாக! செத்தவனின் சொந்தக்காரர்களே குற்றவாளிகள். காசிராஜா கதை எழுதின அதே கைதான் இந்த வழக்கையும் எழுதியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. நீதி வர இருபத்திரண்டு வருஷம்.

ஆக, காதலர்களை அழிப்பது அவர்கள் அவசரமல்ல, சாதி. சாதியைக் காப்பாற்றுவது, காரணத்தை மாற்றிச் சொல்லும் கதை.

அதனால் இரண்டு வேலை இருக்கு. பத்திரிகை 'காதல் தகராறு' என்றும், ஸ்டேஷன் 'குடும்பப் பிரச்சினை' என்றும் எழுதும்போது, முதல் புகாரிலேயே சாதியின் பேரைச் சொல்லி எழுத வைக்கணும். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அடுத்து, உங்க ஊரில் மதுரைவீரன் கூத்து நடந்தால் ஆடுகிறவர்களிடம் கேளுங்க: காசிராஜாவை இறக்கிவிட்டு, வீரனை அவன் பெத்த தாய்கிட்டயே கொடுங்கன்னு.