வானொலி இரைச்சலும் அதனைக் களையும் வழியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

  

சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் இன்று வானொலி இரைச்சலைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கின்றோம். சமயம் வளர்க்கும் சங்கத்தில் இரைச்சலுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். கல்லால மரத்தின் கீழ் அமர்ந்து, முனிவர் நால்வருக்கு மௌனத்தினாலே உபதேசித்த தட்சிணாமூர்த்தியை வணங்குகின்றவர்கள் நாம். மௌனத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இரைச்சலின் கொடுமையை நெடிது விளக்கவேண்டியதில்லை. ஆதலின் விஷயத்துக்கு வருகின்றோம்.

ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றினாலேயே வீட்டில் ஒரு வானொலி நிலையம் அமைத்து, அரசாங்க அனுமதி பெற்று, உலகின் பிற பாகங்களில் உள்ள தம்மைப் போன்றோருடன் உரையாடுவோரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். ‘ஹாம்’ என்ற சிறு பெயரும் அவர்களுக்கு உண்டு. இலங்கையில் இதற்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. இவர்களுடைய நிலையங்கள் பெரும்பாலும் 100 வாற்று அளவில் இயங்குவன. முற்காலத்து வீட்டு மின்குமிழ் ஒன்று எரிவதற்கு வேண்டிய வலு அவ்வளவே. அந்த வலுவைக் கொண்டு ஒரு கம்பியின் வழியே கடல் கடந்து பேசுகின்றார்கள். அக்குரல் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்போருக்கு ஒரு நாளை நினைவூட்டுகின்றோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்த துயரத்தை இங்கிருக்கும் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அப்பொழுது அந்தமான் தீவின் போட் பிளேயர் நகரில் பாரதி பிரசாத் என்ற இந்திய அம்மையார் தம் குழுவினருடன் அமெச்சூர் நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். உலகத்து ஹாம் நண்பர்களுடன் உரையாடி மகிழ்வதற்காக அமைத்த நிலையம் அது. தொலைபேசிகள் செயலிழந்த வேளையில் அதுவே தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திப் பாலமாயிற்று. நம் நாட்டிலும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி சேர்க்கும் பணியில் ஹாம் நண்பர்கள் உழைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆபத்துற்ற ஊரிலே மின்சாரம் நின்றுபோயிருக்கும். ஆகவே அங்கே மின் இரைச்சல் இராது. அவர்கள் பற்றறியைக் கொண்டு மெல்லிய குரலில் அழைப்பார்கள். அதைக் கேட்கவேண்டிய ஊரிலேதான் மின்சாரமும் இருக்கும், இரைச்சலும் இருக்கும். அழைத்தவன் அழைத்துக்கொண்டேயிருக்க, கேட்கவேண்டியவன் காதிலே ‘இர்ர்...’ என்ற ஓசை மாத்திரம் விழுமாயின் என்ன பயன்? இரைச்சலைத் தேடிக் களைவது எதற்காக என்பதற்கு இதுவே எமது விடை.

கணக்கையும் சிறிது பார்ப்போம். ஹாம் வானொலிப் பெட்டியிலே வரும் ஒலியின் வலிமையைக் காட்டும் முள் ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு படியும் 6 டெசிபெல் ஆகும். இரைச்சல் ஏழாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு இறங்கினால் 24 டெசிபெல் குறைந்ததாகும். அதாவது இரைச்சலின் வலு ஏறக்குறைய 250இல் ஒரு பங்காகிவிடும். இரைச்சலைக் குறைக்காது அதே தெளிவைப் பெற விரும்பினால், 100 வாற்றில் பேசும் தூரத்து நண்பர் 25,000 வாற்றில் பேசவேண்டியிருக்கும். பிறரை உரத்துப் பேசச் சொல்வதிலும் நம் வீட்டு இரைச்சலை அடக்குவது எத்துணை எளிது!

இனி இரைச்சல் எங்கிருந்து பிறக்கின்றது என்று பார்ப்போம். இடி மின்னலால் வருவது இயற்கை இரைச்சல். அதைத் தடுக்க மனிதனால் ஆகாது. ஏனையவை மனிதன் ஆக்கியவை. ஜேர்மனிய அறிஞர் ஹேட்ஸ் 1880களின் பிற்பகுதியில் இரு உலோகக் குண்டுகளுக்கிடையே தீப்பொறி பறக்கவிட்டு வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அன்று ஆய்வுகூடத்தில் பறந்த அதே பொறி இன்று மின்கம்பத்தில் தளர்ந்த ஆணியிலும், தேய்ந்த சுவிச்சிலும், மா அரைக்கும் இயந்திரத்தின் மோட்டாரிலும் பறக்கின்றது. பொறி பறக்குமிடமெல்லாம் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமே.

ஒவ்வோர் இரைச்சலுக்கும் தனிக் குரல் உண்டு. பழகிய காது அதனை இனங்கண்டுகொள்ளும். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைவது. ஒவ்வோர் அலைவிலும் இரு முறை உச்சம் வருவதால், மின்கம்பத்துப் பொறி செக்கனுக்கு 100 முறை வெடித்துக் கரகரவென்று ஒலிக்கும். காய்ந்த நாட்களில் அது கூடி, மழை பெய்ததும் அடங்குமாயின், தளர்ந்து நிற்கும் இரும்பு இணைப்பையே பெரும்பாலும் சந்தேகிக்கவேண்டும். கைத்தொலைபேசிச் சாஜர், எல்.ஈ.டி. மின்குமிழ், கணினி ஆகியவற்றினுள்ளே இருக்கும் மின்வழங்கி வேறு வகையானது. அது மின்சாரத்தைச் செக்கனுக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பது. அதன் இரைச்சல் வானொலி முள்ளை நகர்த்துந்தோறும் ஒழுங்கான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தோன்றும். சூரிய ஒளி உள்ளவரை மாத்திரம் கேட்கும் இரைச்சலாயின், கூரைமேற் பொருத்திய சூரிய மின்தொகுதியை நினைக்கவேண்டும். கருவிகள் இவ்வாறு இரையாதிருக்க எல்லை வகுக்கும் சர்வதேசக் குழு ஒன்று 1934இலிருந்தே இயங்கிவருகின்றது. ஆயினும் செலவைச் சுருக்கும் பொருட்டு வடிகட்டும் பாகங்களை விட்டுவிட்டுச் செய்த மலிவுப் பொருள்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரைச்சலைத் தேடுவது பயனற்ற வேலையென்று இளைஞர் எவரும் கருதவேண்டா. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனி ஒன்று, கடல் கடந்த வானொலித் தொலைபேசிக்கு இடையூறு செய்யும் இரைச்சல் எங்கிருந்து வருகின்றதெனக் கண்டுபிடிக்குமாறு கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரைப் பணித்தது. அவர் சில்லுகள் மீது சுழலும் பெரியதோர் ஏரியலை அமைத்துத் திசை திசையாகத் தேடினார். அண்மை இடி, தொலைவு இடி என்ற இரண்டையும் கண்டார். மூன்றாவதாக ஒரு மெல்லிய இரைச்சல் எஞ்சி நின்றது. அது நாள்தோறும் 4 நிமிடம் முந்தி வந்தது. சூரியனைப் பின்பற்றாது விண்மீன்களைப் பின்பற்றி, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை உச்சமடைந்தது. அது பால்வீதி மண்டலத்தின் நடுப்பகுதியிலிருந்து வருகின்றதென 1933இல் அவர் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் புதிய சாத்திரம் இவ்வாறு பிறந்தது. அதனை அடுத்து வளர்த்தவர் குறோற் ரீபர் என்ற ஹாம். 1937இல் தம் வீட்டு வளவிலே 9 மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுள்ள தட்டு ஏரியலைத் தாமே கட்டினார். பகலில் மோட்டார் வாகனங்களின் பொறி இரைச்சல் தொல்லை தந்தமையால் இரவிலே விழித்திருந்து வானைக் கேட்டார். இவ்விருவரும் தம் இருபதுகளில் இருந்தவர்கள் என்பதை நம் இளைஞர் கருத்திற் கொள்ளவேண்டும்.

இனித் தேடும் முறையைக் கூறுவோம். முதற்படி, நம் வீட்டைச் சோதித்தல். வானொலிப் பெட்டியைப் பற்றறியில் இயக்கிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிச்சை அணைத்துவிடவேண்டும். இரைச்சல் மறைந்தால் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றான். பின்னர் ஒவ்வொரு மின்சுற்றாகத் திறந்து, எதைத் திறக்கும்போது இரைச்சல் திரும்புகின்றதென்று பார்க்கலாம். பிறர் குற்றத்தைப் பேசுமுன் தன் குற்றத்தைக் காண் என்று நம் முன்னோர் சொன்னது இங்கே சாத்திர முறையாகவும் அமைந்துவிடுகின்றது.

இரண்டாம்படி, குறிப்பெடுத்தல். இரைச்சல் தொடங்கும் நேரம், முடியும் நேரம், வெயிலா மழையா என்பவற்றை இரண்டு வாரமாவது கொப்பியில் எழுதிவரவேண்டும்.

மூன்றாம்படி, நடத்தல். சிறிய மத்திய அலை வானொலிப் பெட்டியினுள்ளே பெரைற்றுக் கோல் ஏரியல் ஒன்று இருக்கும். கோலின் நுனி இரைச்சல் பிறக்கும் இடத்தை நோக்கும்போது ஓசை மிகக் குறையும். ஆகவே உரத்துக் கேட்கும் திசையைத் தேடாது, ஓசை அடங்கும் திசையைத் தேடவேண்டும். இரண்டு இடங்களில் நின்று திசை பார்த்து வரைபடத்திற் கோடு கீறினால், கோடுகள் வெட்டுமிடம் நாம் போகவேண்டிய இடமாகும். ஆனால் இரைச்சல் மின்கம்பி வழியே நெடுந்தூரம் ஓடக்கூடியது; கம்பியின் அருகே இம்முறை ஏமாற்றும். அண்மித்த பின்னர் மேலும் மேலும் உயர்ந்த அலைவெண்ணிலே கேட்டல் நன்று. உயர்ந்த அலைவெண்ணில் இரைச்சல் தூரம் ஓடாது. பிறந்த இடத்தையே காட்டிக்கொடுக்கும்.

சென்ற ஆண்டு நாம் தேடிய ஓர் இரைச்சலைச் சொல்லுகின்றோம். பொழுதுபடும் வேளையில் 7 மெகாஹேட்ஸ் பகுதியில் அது தொடங்கும், விடியும்வரை ஓயாது. குறிப்பை வைத்துப் பார்த்தபோது அது ஏதோ விளக்காகத்தான் இருக்கவேண்டுமென்று தோன்றியது. சிறு பெட்டியுடன் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். அது முதியவர் ஒருவரின் படலைக்கு மேலிருந்த விளக்கிலே போய் முடிந்தது. அவரிடம் குற்றம் சாட்டுவதுபோற் பேசாது, “ஐயா, இதை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ” என்று பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தோம். அவர் விளக்கைத் தாமே அணைத்தார், இரைச்சல் நின்றது. ஏற்றினார், வந்தது. “உதுக்குள்ளை இவ்வளவு சத்தமா, தம்பி?” என்று சிரித்துவிட்டு, வேறு விளக்குப் போடச் சம்மதித்தார். அன்று அந்தப் பெட்டியிலே அவர் ஒரு மணித்தியாலம் பழைய பாட்டுக் கேட்டார் என்பதும் உண்மை.

பரிகாரம் மூன்று வகைப்படும். கெட்ட கருவியை மாற்றுதல் முதலாவது; அதுவே சிறந்தது. இரண்டாவது, கருவியின் மின்வயரைப் பெரைற்று வளையத்தினூடாகச் சுற்றுதல். வயரின் வெளிப்புறமாக ஓடும் இரைச்சல் மின்னோட்டத்தை அது தடுக்கும். ஒரு சுற்றினும் மூன்று சுற்றில் தடை ஏறக்குறைய 9 மடங்காகும். சிற்றலைக்கு மங்கனீசும் நாகமும் கலந்த பெரைற்று ஏற்றது. மூன்றாவது, ஏரியலை வீட்டின் மின்வயர்களிலிருந்து இயன்றவரை தூரத்தில், வளவின் கோடியில் அமைத்தல். மின்கம்பத்திலே குறை இருப்பின் அங்கே நமக்கு வேலையில்லை. கம்பத்தைத் தட்டிப்பார்ப்பதும், அதன் இழுவைக் கம்பியை ஆட்டிப்பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. கம்பத்தின் இலக்கத்தையும் நம் குறிப்புகளையும் எழுதி மின்வழங்கும் அலுவலகத்திற் கொடுத்தலே முறை.

இறுதியாக ஒன்று. நம் ஒலிபரப்பும் அயலவர் தொலைக்காட்சியிலோ ஒலிபெருக்கியிலோ இடையூறு செய்யலாம். அவர் முறையிடும்போது நாம் கோபியாது சென்று உதவவேண்டும். அவர் வீட்டு விளக்கைத் திருத்த உரிமை கோருகின்ற நாம், நம் ஏரியலைத் திருத்தப் பின்னிற்கலாகாது. பொறுமையுடன் சென்றால், வானொலி கற்ற பிள்ளையென்று ஊர் நம்மை வாழ்த்தும். சண்டைக்குச் சென்றால், இரைச்சல் ஒன்று இரண்டாகும்.

பெரியோர்களே! உங்கள் வீட்டு வாசலிற் சிறு பெட்டியுடன் இளைஞர் எவராவது வந்து நின்றால், அவரை உள்ளே அழைத்து, விளக்கை ஒரு முறை அணைத்துக் காட்டுங்கள். இளைஞர்களே! கேட்கும் காதைப் பழக்குங்கள். எங்கோ ஒரு கரையில், பற்றறி தீருமுன் யாரோ அழைக்கக்கூடும். அக்குரல் நம் ஊரிலே கேட்கட்டும்.