ஐந்தாவது கோட்பாடு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?



"கடவுள் பயம் இல்லாதவன் எதையும் செய்வான்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பதும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். 1970இல் அறிவிக்கப்பட்ட நமது தேசியக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சபைகூடலில் வலக்கையை உயர்த்தி நாம் ஒப்பித்ததுதான். முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை. ஐந்தாவது, நன்னடத்தையும் ஒழுக்கமும். முதலாவதை எடுத்துவிட்டால் ஐந்தாவது விழுந்துவிடுமா?

கிறிஸ்துவர்களில் தங்கள் விசுவாசத்துக்குக் காரணம் எடுத்துச் சொல்லி வாதாடும் அறிஞர்கள் ஆதிகாலம் தொட்டே உண்டு. நன்மை தீமை என்பது உண்மையிலேயே இருக்கிறது, ஆகவே அதற்கு ஆதாரமாகக் கடவுள் இருந்தாக வேண்டும் என்பது அவர்களில் பலர் எடுக்கும் வாதம். 1941இல், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஆக்ஸ்ஃபர்டில் இலக்கியம் போதித்த சி.எஸ்.லூயிஸ் இதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி பிபிசி வானொலியில் பேசினார். இரண்டு பேர் சண்டை போடும்போது "நீ செய்தது நியாயமா?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் "நியாயம் என்று ஒன்றே கிடையாது" என்று சொல்வதில்லை. தன் பக்கம்தான் நியாயம் என்கிறார். இருவருக்கும் பொதுவான அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதே லூயிஸின் கேள்வி.

இந்த வாதத்துக்குச் சரியான சோதனை 1948 ஜனவரியில், அதே பிபிசியில் வந்தது. இயேசு சபைப் பாதிரியார் ஃபிரெடரிக் கொப்பிள்ஸ்டன் ஒரு பக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாத தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் மறுபக்கம். பாதிரியாருக்கு வயது 40, ரஸ்ஸலுக்கு 75. நிகழ்ச்சிப் படைப்பாளர் என்ற முறையில் சொல்கிறேன், இன்று இப்படி இருவர் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் விளம்பரம் வந்துவிடும்.

நல்லது கெட்டதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று பாதிரியார் கேட்டார். நீலத்தையும் மஞ்சளையும் எப்படிப் பிரிக்கிறேனோ அப்படித்தான் என்றார் ரஸ்ஸல். நிறத்தைக் கண்ணால் பார்க்கிறோம், நன்மை தீமையை மனத்தால் உணர்கிறோம், அவ்வளவுதான். உடனே பாதிரியார் பெல்சன் முகாமின் தளபதியைப் பேச்சுக்குள் கொண்டுவந்தார். அவன் செய்தது உங்களுக்குத் தீமையாகப் படுகிறது. ஹிட்லருக்கு அப்படிப் படவில்லையே, என்ன செய்வீர்கள்?

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை பெல்சனுக்குள் நுழைந்தபோது புதைக்கப்படாத பிணங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அந்தக் காட்சியை ரிச்சர்ட் டிம்பிள்பி விவரித்தது இதே வானொலியில்தான். தளபதி யோசெப் கிராமர் அவ்வாண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டான்.

ரஸ்ஸல் சளைக்கவில்லை. நிறக்குருடரைக் குறையுள்ளவர் என்கிறோமே, அவர் சிறுபான்மையாக இருப்பதால்தானே என்று திருப்பிக் கேட்டார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நாம் சிறுபான்மையாகவே வாழ்ந்து பழகிய சமூகம். பெரும்பாலோரின் உணர்வுதான் நியாயத்துக்கு எல்லை என்றால், நமக்கு ஓர் அநியாயம் நடக்கும்போது எதைக் காட்டி "இது தவறு" என்போம்? "மற்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லையே" என்று பதில் வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா? ஓர் அரசும் அதன் பின்னால் போன மக்களும் ஒரு சிறுபான்மையை மனிதர்களாகவே எண்ணாமல் போனதால்தான் பெல்சன் வந்தது. பாதிரியார் கேட்டது சரியான கேள்வி.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடவுளை நம்பாதவர் கெட்டவர் என்பதல்ல அவர் வாதம். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1918இல் சிறை சென்றவர் ரஸ்ஸல். சுவிட்சைத் தட்டி விளக்கைப் போடுகிறவருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் சொல்லும் கடவுள் பயம் தண்டனையைப் பற்றியது. பாதிரியார் கேட்டது ஆதாரத்தைப் பற்றி.

ஆனால் அவர் பக்கமும் ஒரு முள் இருக்கிறது. பிளேட்டோ காலத்து முள். கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா? முன்னது என்றால், கொலையைக் கட்டளையிட்டால் கொலையும் நல்லதாகிவிடும். பின்னது என்றால், நன்மைக்குக் கடவுள் தேவையில்லை. தாம் ஏன் கிறிஸ்துவர் அல்ல என்று 1927இல் லண்டனில் பேசியபோது ரஸ்ஸலே இதை எடுத்து வைத்தார். தாமஸ் அக்குவினாஸின் வழிவந்தவர்கள், நன்மை என்பது கடவுளின் இயல்பேயன்றி அவர் நினைத்தபடி இடும் கட்டளையல்ல என்பார்கள். கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் மகனைப் பலியிடச் சொல்லும் குரலைக் கேட்டு நின்ற ஆபிரகாமுக்கு அது உதவுமா? ஆபிரகாம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று 1798இல் கான்ட் எழுதினார்: என் மகனைக் கொல்லக்கூடாது என்பது எனக்கு நிச்சயம், பேசுகிற நீர் கடவுள்தானா என்பது நிச்சயமில்லை. இந்த விஷயத்தில் நான் கான்ட் பக்கம். அப்படிப் பார்த்தால், சில நேரங்களில் ஐந்தாவது கோட்பாடுதான் முதலாவதைச் சோதித்துப் பார்க்கிறது. சமயத்தின் பெயரால் கத்தி எடுக்கிறவர்களுக்கு அந்தச் சோதனை பிடிக்காது.

ரஸ்ஸலும் தம் பதிலோடு நிம்மதியாக இருந்துவிடவில்லை. நன்மை தீமை வெறும் மன உணர்வு என்ற வாதத்தை எப்படி மறுப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்றும், ஆனால் கொடுமை தவறாவது தமக்குப் பிடிக்காததால் மட்டும்தான் என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்றும் 1960இல் எழுதினார். அடுத்த ஆண்டு, 89 வயதில், அணு ஆயுதத்துக்கு எதிரான போராட்டத்துக்காக மறுபடியும் சிறைக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார்.