கையிருப்பு நீரும் கோடை வெயிலும்

(கிராம சபைக்கு முன்னோடியாக நடைபெற்ற கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்து, களத்து வேலையும் ஒருவாறு ஓய்ந்திருக்கும் இவ்வேளையில் நம்மை இங்கே கூட்டியிருப்பது தண்ணீர்க் கவலையாகும். கண்மாயில் இன்னும் நீர் கிடக்கிறதே, இப்பொழுதே கவலை எதற்கு என்று சிலர் கருதலாம். நீர் இருக்கும்பொழுது படும் கவலையே பயனுள்ள கவலை. வற்றிய பின் படும் கவலையால் ஒரு குடம் நீரும் ஊறுவதில்லை.

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வானம் பார்த்த பூமி என்பதை யாவரும் அறிவோம். தமிழ்நாட்டில் ஓராண்டில் சராசரியாக ஏறக்குறைய 920 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியை ஒட்டிய பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. மார்ச் முதல் மே வரையுள்ள மூன்று மாதங்களில் கிடைப்பதோ ஏழில் ஒரு பங்களவே. அதுவும் பரவலாகப் பெய்யும் மழையன்று. இடியோடு வந்து ஓர் ஊரில் கொட்டிவிட்டு, அடுத்த ஊரின் எல்லையைத் தொடாமலே சென்றுவிடும் மழை அது. மாநிலத்தின் சராசரி நம் கண்மாயை நிரப்பாது.

வெயிலோ எந்த ஊரையும் விடுவதில்லை. ஏப்ரல் மாதத்தில் கதிரவன் நம் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறான். மண்ணில் ஈரம் உள்ளவரையில் வெயிலின் ஒரு பகுதி அவ்வீரத்தை உலர்த்துவதிலே செலவாகிறது. ஈரம் அற்றுப்போன பின்னர், அவ்வெப்பம் முழுவதும் நிலத்தையும் காற்றையுமே சுடவைக்கிறது. ஆகவேதான், மழையற்ற பங்குனிக்குப் பின்வரும் சித்திரையில் வெக்கை தாளமுடியாததாகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் கோடை தொடங்குமுன் மார்ச் முதல் மே வரையிலான காலத்துக்கு முன்னறிவிப்பு வெளியிடுகின்றனர். அதனைப் படிக்கும் முறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். இயல்பைவிட வெப்பம் மிகுவதற்கு வாய்ப்புண்டு என்று அவர்கள் கூறுவது ஒரு பெரும் பரப்பினைக் குறித்தே. இன்ன ஊரில், இன்ன நாளில் மழை பெய்யும் என்று மூன்று மாதங்களுக்கு முன்னால் யாராலும் சொல்ல இயலாது. எனவே நாம் ஒரு நெறியை வகுத்துக்கொள்வோம். வெயில் மிகும் என்று அறிவிப்பு வந்தால், அதனை உடனே செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும். மழை வரும் என்று அறிவிப்பு வந்தாலும், அது மடைக்குள் வந்து சேரும்வரை வரவுக் கணக்கில் எழுதலாகாது.

இந்நெறியை நாம் பிழை செய்தே கற்றோம். 2019ஆம் ஆண்டு மாசியில், ஓர் ஊரில் கண்மாயில் எஞ்சியிருந்த நீரைக் கொண்டு 12 ஏக்கரில் கோடை நெல் நட விவசாயிகள் விரும்பினர். சித்திரையில் ஒரு மழையாவது பெய்யாமற் போகாது என்றனர். நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம், மறுத்துரைக்கவில்லை. அவ்வூரில் சித்திரை மழை பெய்யவில்லை. கதிர் வாங்கும் பருவத்தில் கண்மாய் வறண்டது. அதன் உள்வாயில் இருந்த குடிநீர்க் கிணறும் உடன் வற்றியது. பயிர் கருகியதோடு நில்லாமல், தாய்மார்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு லாரிக்காக நள்ளிரவுவரை காத்திருந்தனர். அவ்வரிசையைக் கண்ட பிறகு, மழையை நம்பி மடை திறப்பதற்கு இசைய நமக்கு மனம் வந்ததில்லை.

கணக்கினைச் சற்றே பாருங்கள். நெற்பயிருக்கு நடவு முதல் அறுவடைவரை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும். ஓர் ஏக்கருக்கு அது 48 லட்சம் லிட்டராகிறது. ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கொண்டால், 1,000 பேர் வாழும் ஊருக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 55,000 லிட்டர். அதாவது, ஓர் ஏக்கர் கோடை நெல் குடிக்கும் நீர் அவ்வூருக்கு 87 நாட்களுக்குப் போதுமானது! கால்நடைகளையும் மறத்தலாகாது. கலப்பினக் கறவை மாடொன்று வெயில் நாளில் 60 லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

வெயில் குடிக்கும் நீரையும் கணக்கிடுவோம். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 10 ஏக்கர் பரப்பில் கிடக்கும் நீரிலிருந்து நாள்தோறும் 2 லட்சம் லிட்டர் மறைகிறது. பரந்து ஆழமின்றிக் கிடக்கும் நீரே விரைவில் மறைவது. நம் முன்னோர் ஊருணியைச் சிறிதாகவும் ஆழமாகவும் வெட்டிய காரணம் இதனால் விளங்கும்.

ஆதலின், மார்ச் 22ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் நான்கு காரியங்களை நீங்கள் முடிவு செய்ய வேண்டுகிறோம்.

முதலாவது, கண்மாயிலும் ஊருணியிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உள்ள நீரை அளந்து, கிழமைதோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுங்கள்.

இரண்டாவது, மடைக்கல்லில் ஒரு கோடு இடுங்கள். நீர் அக்கோட்டுக்கு இறங்கிய பின், யார் கேட்டாலும் மடை திறக்கலாகாது. அது மனிதருக்கும் மாட்டுக்கும் உரிய நீர்.

மூன்றாவது, கோட்டுக்கு மேல் உள்ள நீரை உளுந்துக்கும் எள்ளுக்கும் கொடுங்கள். உளுந்து 75 நாட்களுக்குள் வீடு வந்து சேரும். நெல்லுக்கு வேண்டிய நீரில் மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதும்.

நான்காவது, கண்மாய் வற்றும் இடங்களில் உரிய அனுமதி பெற்று வண்டல் எடுத்து வயலுக்கு இடுங்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். வெயிலில் மண் வெட்டுவோர் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளட்டும். பணியிடத்தில் நிழலும் குடிநீரும் இருக்கட்டும்.

கோடை நெல்லைக் கைவிடும் விவசாயிக்கு நேரும் இழப்பு சிறிதன்று என்பதை நாம் உணர்கிறோம். அவருக்கும் கடன் உண்டு, குடும்பம் உண்டு. ஊர் முழுவதற்கும் குடிநீர் காக்கும் பொறுப்பை அவர் ஒருவர் தோளில் சுமத்துவது நீதியாகாது. ஆகவே, கோட்டுக்கு மேலுள்ள நீரில் முதல் முறையும், வண்டலில் முதல் பங்கும் அவருக்கே என்று சபை தீர்மானிக்கட்டும். விட்டுக்கொடுத்தவரை ஊர் நினைவில் வைத்திருந்தால்தான் அடுத்த ஆண்டும் ஒருவர் விட்டுக்கொடுப்பார்.

மழை பெய்வது நம் கையில் இல்லை. மடை நம் கையில் இருக்கிறது. சித்திரையில் மழை வந்தால் மகிழ்ந்து வரவு வைப்போம். வராவிடினும், நம் தாய்மார்கள் நள்ளிரவில் குடத்தோடு நிற்காமல் பார்த்துக்கொள்வோம்.