பரண்மேல இருந்தா அது வெறும் பலகை!

எதிரணியிலே உட்கார்ந்திருந்தாலும் மனசளவிலே என் பக்கத்திலேயே இருக்கிற நண்பர்களே!

'பழைய பொருளுக்குப் பெருமை வைத்துக் காப்பதிலா, கைமாற்றிக் கொடுப்பதிலா?' என்பது தலைப்பு. கைமாற்றிக் கொடுப்பதிலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "அப்பா வச்சிருந்த பொருளை விக்கிறது அப்பாவையே விக்கிற மாதிரி"ன்னு சொன்னாங்க. நீங்க கை தட்டினீங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா, நடுவர் அவர்களே, நான் அப்படி வித்தவன்.

எங்க அப்பா பகலெல்லாம் ஆபீஸ் குமாஸ்தா. ராத்திரியானா திருச்சியிலே மெல்லிசைக் குழுவிலே கிடார். 1972-லே எங்க மாமா சிங்கப்பூர்லேர்ந்து பழசா ஒண்ணு வாங்கிட்டு வந்தார். டெய்ஸ்கோன்னு ஜப்பான்காரன் செஞ்ச எலக்ட்ரிக் கிடார். அதுக்குப் பணம் எங்கேயிருந்து வந்துச்சு? எங்க அம்மா கழுத்துச் சங்கிலியிலேர்ந்து! (சிரிப்பு)

இந்த எலக்ட்ரிக் கிடாருக்கு ஒரு குணம் உண்டு. கம்பிக்குக் கீழே காந்தம் இருக்கும். அதைச் சுத்தித் தலைமுடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருப்பான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தா உள்ளே மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிசாக்கும். ஆனா திருவிழாவிலே கரண்ட் போச்சுன்னா? தவில்காரர் ஜமாய்ப்பார், எங்க அப்பா மட்டும் மேடையிலே ஊமைப்படம் காட்டுவார்! (சிரிப்பு, கைதட்டல்)

2011-லே அப்பா போயிட்டார். அம்மா அந்தக் கிடாரைப் பழைய வேட்டியிலே சுத்திப் பரண்மேல வச்சாங்க. எதிரணி சொல்ற மாதிரி 'பாதுகாத்தோம்'. அஞ்சு வருஷம் கழிச்சு இறக்கினா, கம்பியெல்லாம் துரு. கழுத்து வளைஞ்சிருக்கு. வேட்டி ஓரத்திலே கறையான். இன்னும் ஒரு வருஷம் பாதுகாத்திருந்தா, அப்பா படத்துக்குப் பக்கத்திலே கிடாருக்கும் ஒரு மாலை போட்டிருப்போம்!

சரி, வித்துடலாம்னு முடிவு பண்ணினேன். நம்ம ஊர்லே யோசனைக்கா பஞ்சம்? "பெயிண்ட் அடிங்க, புதுசாயிடும்"னார் பக்கத்து வீட்டுக்காரர். என் மனைவி, "புளி போட்டுத் தேய்ச்சுப் பார்க்கட்டுமா?"ன்னாங்க. (சிரிப்பு) நல்ல வேளை, கிடார் பழுது பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். அவர் பதறிட்டார். "தம்பி, பெயிண்டைத் தொடாதீங்க. பழைய கிடாருக்கு விலையே அந்தப் பழைய வர்ணத்திலேதான் இருக்கு. மேலே அடிச்சா மதிப்பு பாதி போயிடும். கழட்டின பழைய ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப் போடாதீங்க"ன்னார். அப்புறம் என்கிட்ட ஒரு இடத்தைக் காட்டினார். "வர்ணம் போயிருக்கே, இது உங்க அப்பா முழங்கை உரசின இடம். பின்னாலே இந்தக் கீறலெல்லாம் பெல்ட் பக்கிள்"னார். முப்பத்தஞ்சு வருஷ உழைப்பை அப்பதான் நான் பார்த்தேன், சார்.

அவர்தான் ரோரி கல்லஹர் கதையைச் சொன்னார். அயர்லாந்துக்காரர். 1963-லே, பதினஞ்சு வயசிலே, கார்க் நகரத்துக் கடையிலே 1961-ஆம் வருஷத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒண்ணை 100 பவுண்டுக்குத் தவணையிலே வாங்கினார். வேர்வை பட்டுப் பட்டு அதன் வர்ணமே கரைஞ்சு, மரம் தெரிய ஆரம்பிச்சது. அவர் மறுபடி வர்ணம் பூசவே இல்லை. 1995-லே அவர் இறந்த பிறகு தம்பி அதைப் பத்திரமா வச்சிருந்தார். 2024 அக்டோபரில் லண்டனில் ஏலம் விட்டார்கள். எவ்வளவு தெரியுமா? கட்டணம் சேர்த்து 8,89,400 பவுண்டு! வாங்கினவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு என்று அறிவித்தார்கள். ஒரு வீட்டுச் சொத்து ஒரு நாட்டுச் சொத்தாச்சு!

எரிக் கிளாப்டன் 2004-லே 'பிளாக்கி' என்ற கிடாரை 9,59,500 டாலருக்கு ஏலத்திலே கொடுத்தார். பணம் போதைப் பழக்கத்திலேர்ந்து மீட்கிற மையத்துக்குப் போச்சு. டேவிட் கில்மோர் 2019-லே தன் கறுப்புக் கிடாரை 39,75,000 டாலருக்குக் கொடுத்தார். பணம் பூமியைக் காக்கிற சுற்றுச்சூழல் அமைப்புக்கு. பரண்மேல இருந்தா இதெல்லாம் நடக்குமா? எதிரணி பதில் சொல்லணும்! (கைதட்டல்)

எங்க கிடாரை வாங்க ஒரு காலேஜ் பையன் வந்தான். அம்மா கதவோரமா நின்னாங்க, முகத்தைத் திருப்பிக்கிட்டு. நான் குறையையெல்லாம் முதல்லேயே சொல்லிட்டேன். "தம்பி, ஸ்விட்ச் மாத்தினது. ஏழாவது கட்டையிலே இரைச்சல் வரும். கழுத்து ரிப்பேர் பண்ணினது." பழசை விக்கிறவன் பொய் சொன்னா, பொருளோட பேரும் கெடும், அதை வச்சிருந்தவர் பேரும் கெடும். பையன் 22,000 ரூபாய் எண்ணி வச்சான். அம்மா, "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுப்பா"ன்னாங்க. அவனே கொண்டு வந்த சின்ன ஆம்ப்ளிஃபயர்லே மாட்டி வாசிச்சான். அவன் முழங்கை சரியா அந்தத் தேய்ஞ்ச இடத்திலே போய் உட்கார்ந்துச்சு.

அம்மா அந்தப் பணத்திலேர்ந்து ஆயிரம் ரூபாயை எடுத்து அவன் கையிலே வச்சு, "புதுக் கம்பி வாங்கிக்க"ன்னாங்க. அவன் போன பிறகு சொன்னாங்க: "அஞ்சு வருஷமா உங்க அப்பா இந்த வீட்டிலே பேசவே இல்லைடா. இன்னிக்குத்தான் பேசினார்."

அப்பா கம்பி மீட்டுற அந்தச் சின்ன பிளாஸ்டிக் வில்லை மட்டும் இன்னும் எங்க பூஜை அறையிலே இருக்கு. நினைவுக்கு அது போதும் சகோதரி. கிடார் வாசிக்கிறவன் கையிலே இருக்கட்டும்.

ஆகவே நடுவர் அவர்களே, பழைய பொருளுக்குப் பெருமை கைமாற்றிக் கொடுப்பதிலேதான் என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். (பலத்த கைதட்டல்)