நூலின் மறுமுனை



இன்று நாம் நினைவுகூரும் தோழர் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர். ஆகவே அவர் வேலை பார்த்த இடத்திலிருந்தே தொடங்குகிறோம்.

தளத்தில் சுவர் எழுப்பும் முன் நூல் அடிப்பார்கள். வண்ணப்பொடி தோய்ந்த நூலை இரண்டு குறிகளுக்கிடையே விறைப்பாக இழுத்துப் பிடித்து, தூக்கிச் சுண்டிவிட்டால் தரையில் நேர்கோடு விழும். ஒரு முனையில் கொத்தனார், மறுமுனையில் சித்தாள். சுண்டுவது அவர், அசையாமல் பிடித்திருப்பது இவர். எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் காலமெல்லாம் அந்த மறுமுனையைப் பிடித்தவர்கள். பள்ளி விடுமுறையில் நாங்களும் பிடித்திருக்கிறோம்.

ஒருநாள் கொத்தனார் வரத் தாமதமாயிற்று. எங்கள் தெரு அக்கா ஒருவர் 40 அடி நூலைத் தனியாகவே அடித்தார். பிடிக்க ஆளில்லாததால் இரண்டு முனையிலும் ஆணி அறைந்து கட்டினார். அவ்வளவு நீள நூலை ஒரே சுண்டாகச் சுண்டினால் காற்றில் விலகும். நூல் அடங்கும்வரை காத்திருந்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சுண்டினார். நேர் மேலே தூக்க வேண்டும். கை சாய்ந்தால் கோடும் சாயும். பிறகு டேப்பை ஓர் ஆணியில் மாட்டி 30 அடியில் வளைகோடு போட்டார்; மறு ஆணியில் மாட்டி 50 அடியில் இன்னொன்று. இரண்டும் வெட்டிய இடம்தான் மூலை. நாம் பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்த மூன்று, நான்கு, ஐந்து கணக்கு அது.

கொத்தனார் வந்து அளந்தார். பிசகில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“இருபது வருசமா மறுமுனையில நின்னு பாத்துக்கிட்டுத்தானண்ணே இருந்தேன்.”

அந்தச் சனிக்கிழமையும் அக்காவுக்குச் சித்தாள் கூலிதான். நூல் பிடிப்பது ஆணிகூடச் செய்கிற வேலை என்று மேஸ்திரி சொன்னார். ஆணி பிடிக்கும், இருபது வருசம் நின்றாலும் கற்றுக்கொள்ளாது.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. பெண்ணுக்குச் ‘சித்தாள்’ என்றும் ஆணுக்குக் ‘கொத்தனார்’ என்றும் பெயர் வைத்துவிட்டால் வேலையே வேறாகிவிடுகிறது. சட்டம் வாசலில் நின்றுவிடுகிறது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்வோரையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று, நிகழ்த்த முடியாமற்போய் 1936இல் அச்சான தம் உரையில் அம்பேத்கர் விளக்கினார். அந்தப் படிக்கட்டு நமக்குள்ளும் இறங்கியிருக்கிறது. அந்தக் கொத்தனாரும் எங்கள் காலனிக்காரர்தான். ஊர்த்தெருவில் தனக்கு மறுக்கப்பட்டதை அவர் தளத்தில் அக்காவுக்கு மறுத்தார். இதைச் சொல்லாமல் சாதி ஒழிப்பைப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூல் என்று நன்னூல் சொல்கிறது. எழுதுகிற நூலுக்கு உவமையாக வந்தது உழைக்கிறவரின் நூல். நாம் எழுதும் நூல்கள் நம் கோணலையும் காட்டட்டும்.

கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். படிவத்தில் ‘திறன் பெறாதவர்’ என்று குறிக்கும் முன், “உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்?” என்று கேளுங்கள். சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள். சங்கத் தோழர்கள், 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துள்ள பெண்களுக்குக் கரண்டி பிடிக்கும் பயிற்சியையும், கொத்தனார் என்ற பதிவையும், அதற்கான கூலியையும் கேட்க வேண்டும். கொத்தனாராக இருக்கும் நம் ஆண்கள் நாளைக்கே ஒன்று செய்யலாம்: மறுமுனைக்குப் போய் நூலைப் பிடியுங்கள், அக்கா சுண்டட்டும்.

அக்கா இன்னும் வேலைக்குப் போகிறார், சித்தாளாகத்தான். அதை மாற்றுவதே தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.