அதற்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "பில்லி பிராக்: நாற்பது ஆண்டுப் பாட்டுப் பயணம்". கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். ஆண்டுக்கு அரை நிமிடம் வருகிறது. ஆகையால் பிறந்தார், வளர்ந்தார், பாடினார் என்று வரிசை வைத்துச் சொல்லப் போவதில்லை. ஒரு விலையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

1983-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு வருகிறது. அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: 2 பவுண்டு 99 பென்ஸ், அதற்கு மேல் கொடுக்காதீர்கள்! பாடுகிறவனே வாங்குகிறவனின் காதில் வந்து, "அண்ணே, ஏமாந்துவிடாதே, இதுதான் விலை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. உள்ளே ஏழே ஏழு பாட்டு. மொத்தம் பதினாறு நிமிடம்கூட இல்லை. டிரம்ஸ் கிடையாது, வயலின் கூட்டம் கிடையாது. ஒரு மனிதன், ஒரு எலெக்ட்ரிக் கிதார். அடுத்த ஆண்டு இரண்டாவது தட்டு வந்தபோதும் விலையை அச்சடித்தார்: 3 பவுண்டு 99. ஒரு பவுண்டு கூடிவிட்டதே என்று கேட்காதீர்கள், அதில் பாட்டும் கூடுதல்!

யார் இந்த ஆள்? லண்டனுக்குக் கிழக்கே பார்க்கிங் என்று ஓர் ஊர். தொழிலாளிகள் நிறைந்த ஊர். 1957-இல் அங்கே பிறந்தார். அப்பா ஒரு தொப்பிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பையன் பதினோரு வயதில் எழுதும் தேர்வில் தேறவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்த ஒரு தேர்வு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடும். தேறாதவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு அன்றைக்கே அநேகமாகச் சாத்திக்கொள்ளும். பதினெட்டு வயதில் அப்பா புற்றுநோயில் போய்விட்டார். நண்பர்களோடு ஒரு பாட்டுக்குழு வைத்தார், எடுபடவில்லை. 1981-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். மூன்றே மாதம்! "இது எனக்கான இடம் இல்லை" என்று 175 பவுண்டு கட்டித் தன்னைத்தானே விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பட்டாளத்திலிருந்து பணம் கட்டித் தன்னை மீட்டவன், பின்னாளில் எந்தக் கம்பெனிக்காவது தன்னை எழுதிக் கொடுப்பானா? கொடுக்கவில்லை. இன்றுவரை தன் பாட்டின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருக்கிறார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பிரியாணிக் கதை. ஆமாம் தோழர்களே, பிரியாணிதான்! சிரிப்பு வருகிறதல்லவா? நடந்த கதை.

பாட்டைப் பதிவு செய்து கம்பெனிகளுக்கு அனுப்பினார், ஒருவரும் சீண்டவில்லை. டிவி ரிப்பேர்க்காரன் என்று சொல்லி ஒரு கம்பெனிக்குள் நுழைந்து, பீட்டர் ஜென்னர் என்பவரைப் பிடித்துத் தன் டேப்பைச் சேர்த்தார். பிங்க் ஃபிளாய்டு என்ற மாபெரும் குழுவுக்கு ஒரு காலத்தில் மேலாளராக இருந்தவர் ஜென்னர். தட்டு வெளிவந்துவிட்டது. யார் கேட்பார்கள்? பிபிசி வானொலியில் ஜான் பீல் என்று ஓர் அறிவிப்பாளர். புதுப் பாடகர்களுக்கு அவர்தான் வாசல். அவர் ஒரு பாட்டைப் போட்டால் நாடு கேட்கும். ஒருநாள் பீல் நிகழ்ச்சிக்கு நடுவே, பசிக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டார். நம் ஆள் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். உடனே ஒரு காளான் பிரியாணியை வாங்கிக்கொண்டு பிபிசி கட்டடத்துக்கு ஓடினார்! பிரியாணியும் கையில், தட்டும் கையில்!

பீல் சாப்பிட்டார். பாட்டைப் போட்டார். ஆனால் வேகம் தப்பிப்போனது. பெரிய தட்டு என்றால் 33 சுற்றில் ஓடும் என்பது வழக்கம். காளான் பிரியாணிக்காரர் தட்டோ 45 சுற்றில் ஓட வேண்டியது. பாட்டு எருமை நடை நடந்தது. பிறகு பீல் சரியான வேகத்தில் போட்டார், போட்டுவிட்டு ஒன்று சொன்னார்: பிரியாணி வராவிட்டாலும் இந்தப் பாட்டை நான் போட்டிருப்பேன் என்று. அங்கேதான் நான் பீலுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன். நீங்களும் ஒரு கை தட்டுங்கள்!

சரி. 1984 மார்ச். இருபது நிலக்கரிச் சுரங்கங்களை மூடப் போகிறோம், இருபதாயிரம் பேருக்கு வேலை போகும் என்று அரசு நிறுவனம் அறிவிக்கிறது. தாட்சர் அம்மையார் ஆட்சி. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். ஒரு வருஷம், தோழர்களே, ஒரு வருஷம்! சம்பளம் இல்லை. பெண்கள் பொதுச் சமையல்கூடம் நடத்திப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். பில்லி பிராக் கிதாரை எடுத்துக்கொண்டு சுரங்க ஊர்களுக்குப் புறப்பட்டார். அப்போது அவரிடம் ஒரு வித்தை இருந்தது. ஆம்ப்ளிஃபையரை மூட்டைபோல முதுகில் கட்டிக்கொள்வார், பேட்டரியில் ஓடும், ஸ்பீக்கர் தலைக்கு மேலே நிற்கும். கரண்டும் வேண்டாம், மேடையும் வேண்டாம், தெருமுனை போதும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு நிதிக் கச்சேரி. அங்கேதான் அந்தப் பெரியவர் வருகிறார். நான் பேர் சொல்லவில்லை. பேர் சொன்னால் ஒரு ஆளாகிவிடுவார். அவரைப்போல அந்த மண்ணில் நூறு பேர் இருந்திருப்பார்கள். பழைய சுரங்கத் தொழிலாளி. வாத்தியம் எதுவும் கிடையாது. நின்றார், வாயைத் திறந்தார், பாடினார். பில்லி பிராக்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: லண்டனிலிருந்து புரட்சிப் பாடகனாகப் போனேன், அந்தப் பெரியவர் பாடியதைக் கேட்டதும் என்னைவிட அவர்தான் பெரிய புரட்சிக்காரர் என்று புரிந்தது என்று. கரண்டு போனாலும் நிற்காத பாட்டு அது!

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. மன்னியுங்கள், கூட்டத் தலைவர் மணியைப் பார்க்கிறார், இருந்தாலும் சொல்கிறேன். போன வருஷம் இதே ஊரில், வேறொரு மேடையில், ஒருவர் பேசினார். "கொடி பிடிக்கிறவன் பாட்டில் கலை இருக்காது" என்று பேசினார். நானும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. ஐயா, கேளுங்கள்! இதே பில்லி பிராக் எழுதிய காதல் பாட்டைக் கிர்ஸ்டி மெக்கால் என்ற பாடகி 1985-இல் பாடி, அது பிரிட்டனில் ஏழாவது இடத்துக்குப் போனது. தன் தந்தையின் சாவைப் பற்றி 1991-இல் ஒரு பாட்டு வைத்தார். அப்பாவை இழந்தவன் எவனும் அதைக் கலங்காமல் கேட்க முடியாது. அதே கை, அதே கிதார். சுரங்கத் தொழிலாளியின் பசியைப் பாடிய தொண்டையால் காதலைப் பாட முடியாதா? பசியைப் பாடாத தொண்டைக்குக் காதல் மட்டும் எங்கிருந்து வரும்? அந்தப் பெரியவர் எதிரே இதைச் சொல்லியிருப்பீர்களா, ஐயா? சொல்லியிருக்க மாட்டீர்கள்!

நீங்கள் தட்டுகிற கைதட்டு அந்தப் பேச்சாளர் வீடுவரை கேட்கட்டும்.

வேலைநிறுத்தம் தோற்றது. உண்மையை மறைக்க மாட்டேன், தோற்றது. அந்த வருஷமே சுரங்கத் தொழிலாளர் நிதிக்காக ஒரு தட்டுப் போட்டார், அது தரவரிசையில் பதினைந்துக்குள் வந்து, அவரைத் தொலைக்காட்சியில் தனியாளாக நிறுத்தியது. தொழிற்கட்சிக்கு இளைஞர்களைத் திரட்ட மற்றப் பாடகர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார். 1987 தேர்தலில் அதுவும் தோற்றது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாரா? அமெரிக்க மக்கள் பாடகர் பீட் சீகர் கேட்டுக்கொண்டார் என்று சர்வதேச கீதத்துக்கே ஆங்கிலத்தில் புதுச் சொற்கள் எழுதி, 1990-இல் பாடி வெளியிட்டார். நாம் மாநாடு முடியும்போது எழுந்து நின்று பாடுகிறோமே, அதே கீதம்தான்!

பிறந்த ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். 2006-இல் பார்க்கிங் வட்டாரத்தில், வெளியூர்க்காரனை விரட்டு, நிறத்தைப் பார் என்று அரசியல் பண்ணுகிற ஒரு கட்சி உள்ளாட்சியில் பன்னிரண்டு இடம் பிடித்தது. இவர் ஊரில்! இருபது வயதில், 1978-இல், லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான பெருங்கூட்டத்தில் நின்று, பாட்டுக் கேட்கப் போய் அரசியல் கற்று வந்தவர் அவர். சும்மா இருப்பாரா? தேசப்பற்றை வெறியர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒரு புத்தகமே எழுதினார். 2010 தேர்தலில் தெருவில் இறங்கி வேலை செய்தார். ஊர் மக்கள் திரண்டார்கள். பன்னிரண்டும் போனது. மிச்சம் ஒன்றுமில்லை, பூஜ்யம்! அது அவர் ஒருவரால் ஆனதென்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்ல மாட்டார். ஆனால் ஜெயித்தவன் ஊரை மறந்துவிடுவான் என்ற பேச்சு அவரிடம் பலிக்கவில்லை.

இப்போது உரிமைக் கதை. 2006-இல் மைஸ்பேஸ் என்ற இணையதளம் பெரும் புகழில் இருந்தது. அதன் விதிமுறைகளை இவர் உட்கார்ந்து படித்தார். நாம் யாராவது படிக்கிறோமா? பாடகன் ஏற்றிய பாட்டின் மேல் தளத்துக்கே உரிமை போய்விடுமோ என்று சந்தேகம் வந்தது. தன் பாட்டுகளை எடுத்துவிட்டுக் கேள்வி கேட்டார். கம்பெனி விதியை மாற்றியது! 2008-இல் பெபோ என்ற இன்னொரு தளம் 85 கோடி டாலருக்கு விற்கப்பட்டபோது, அந்தத் தளத்தை வளர்த்ததே பாட்டுகளும்தானே, பாடியவனுக்குப் பங்கு எங்கே என்று அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டு பாடகர்கள் தங்களுக்கென்று அமைப்புத் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். இன்றைக்குச் செல்போனில் ஒரு பாட்டைக் கேட்டால் பாடியவனுக்கு எத்தனை பைசா போகிறது? நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது. அதைக் கேட்கச் சொன்னவர் இவர்.

உடி கத்ரி என்ற அமெரிக்க மக்கள் பாடகர் 1967-இல் இறந்தபோது, மெட்டில்லாத பாட்டுகளை ஆயிரத்துக்கும் மேல் விட்டுப் போனார். சொல் இருக்கிறது, ராகம் அவர் தலையோடு போய்விட்டது. அவர் மகள் நோரா யாரைக் கூப்பிட்டார்? நம் பிரியாணிக்காரரை! வில்கோ என்ற அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து மெட்டுப் போட்டு 1998-இல் தட்டு வந்தது. கத்ரி குடும்பம் வாழ்ந்த புரூக்ளின் தெருவின் பேரையே அதற்கு வைத்தார்கள். அந்த வடகிழக்குப் பெரியவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட காது இல்லாவிட்டால், இன்னொருவர் சொல்லுக்கு இப்படிப் பணிந்து மெட்டுப் போட வந்திருக்குமா? எனக்கு அந்த நம்பிக்கை உண்டு.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். முடிக்கிறேன், ஒன்று மட்டும்.

2007-இல் டோர்செட் பகுதிச் சிறையில் வேலை பார்த்த ஓர் ஆலோசகர், கைதிகளுக்கு வாசிக்கக் கிதார் வேண்டும் என்று கேட்டார். பில்லி பிராக் கிதார் சேர்த்துச் சிறைகளுக்கு அனுப்பும் இயக்கமே தொடங்கிவிட்டார். பின்னர் ஒரு விதி வந்தது, கம்பி நரம்பு போட்ட கிதாரைக் கைதி வைத்திருக்கக் கூடாது என்று. வெளியிலிருந்து போன கிதார்கள் அறைக்குள் போக முடியாமல் நின்றன. 2014-இல் புகழ்பெற்ற இசைக் கலைஞர்களையெல்லாம் கையெழுத்துப் போட வைத்து அரசோடு வாதாடினார். தடை நீங்கியது.

2023-இல் நாற்பது ஆண்டு நிறைந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. அப்போதும் கிதாரோடு ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருந்தார். இந்த மேடைக்குப் பின்னால் நம் பிள்ளைகள் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் கேட்கிறதா? அவர்களுக்கு மைக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நான் இறங்கி உங்களோடு உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.